நோயாளியின் மத்தியானம்

நீண்ட நாள் நோயாளி இருக்கும் வீட்டில் காலைக்கும் மாலைக்கும் வேலை உண்டு. காலையில் மாத்திரை, கஞ்சி, ரத்தம் எடுக்க வரும் லேப் பையன். மாலையில் நலம் விசாரிக்க வரும் உறவினர்கள், அவர்கள் கையில் சாத்துக்குடிப் பை, அவர்கள் வாயில் இதே நோய் வந்த வேறு யாரோ ஒருவரின் கதை. நடுவில் கிடக்கிறது மத்தியானம். பதினொரு மணிக்கு ஆரம்பித்து நாலு மணி வரை நீளும் அந்தப் பொழுதைப் பற்றி எந்த மருந்துச் சீட்டிலும் ஒரு வரி கூட இருக்காது. "ரெஸ்ட் எடுங்கள்" என்கிறார் டாக்டர். மூன்று நாள் காய்ச்சலுக்கு அது மருத்துவ ஆலோசனை. மூன்று வருட நோய்க்கு அது கிட்டத்தட்ட ஒரு தண்டனை.

அந்த மத்தியானத்தை என்ன செய்வது? சிலர் விநோதமான விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். அபத்தப் பாட்டு எழுதினார்கள். அடித்த வரிகளைப் பூதங்களாக மாற்றினார்கள். காகிதத்தைக் கத்தரித்தார்கள். உடம்பு தாங்காது என்று எல்லோரும் சொன்ன தூரத்துக்கு ரயிலேறிப் போனார்கள். அதனால் அவர்கள் குணமானார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. அப்படியிருக்க, அது எதற்கு என்ற கேள்வி எழும். இந்தப் பக்கம் அந்தக் கேள்விக்குத்தான்.

கல்கத்தாவின் சுகுமார் ராயிலிருந்து தொடங்கலாம். வங்காளத்தில் குழந்தைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் 'ஆபோல் தாபோல்' என்ற அபத்தப் பாடல் புத்தகம் அவருடையது. 1921இல் அவருக்குக் காலா அஸார் கண்டது. மண்ணீரலை வீங்க வைத்து, ரத்தத்தைச் சுண்ட வைத்து, மாதக்கணக்கில் ஆளை உருக்கும் கருங்காய்ச்சல். அதே வருடம் மே மாதம்தான் அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். அடுத்த இரண்டரை வருடங்கள் சுகுமார் பெரும்பாலும் படுக்கையில். அங்கிருந்தபடியே 'சந்தேஷ்' என்ற குடும்பப் பத்திரிகைக்கு எழுதினார், படம் போட்டார். பாதி மிருகமும் பாதி பறவையுமான பிராணிகளை உற்பத்தி செய்தார். தன் புத்தகத்தின் அட்டையையும் பக்க அமைப்பையும் தானே வரைந்து திருத்தினார். அச்சுத் தொழிலை லண்டனிலும் மான்செஸ்டரிலும் முறையாகப் படித்தவர். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. 1923 செப்டம்பர் 10ஆம் தேதி, 35 வயதில் இறந்துபோனார். புத்தகம் ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது.

இதில் மனதை அறுக்கும் ஒரு விஷயம் உண்டு. காலா அஸாருக்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கண்டுபிடித்தவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. அதே கல்கத்தாவில், கேம்பெல் ஆஸ்பத்திரியின் ஒரு சிறிய அறையில், ஏறக்குறைய அதே வருடங்களில் அந்த ஆராய்ச்சி நடந்தது. மருந்து பரவலாகி லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியபோது சுகுமார் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஊசி மருந்து. பாட்டும் படமும் அந்த இடத்தை நிரப்பியிருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் "மனசை சந்தோஷமாக வைத்துக்கொண்டால் எந்த நோயும் ஓடிவிடும்" என்று நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து உபதேசிப்பவர்கள் நம் ஊரில் அதிகம். நோய் ஓடாவிட்டால், சந்தோஷமாக இல்லாதது உன் குற்றம் என்று ஆகிவிடுகிறது.

அபத்தப் பாட்டு என்றதும் உலகம் முதலில் நினைப்பது எட்வர்ட் லியர் என்ற ஆங்கிலேயரை. அவரும் நோயாளிதான். 1812இல் பெரிய குடும்பம் ஒன்றின் கடைசிக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தவர். சிறு வயதிலேயே வலிப்பு நோய் பிடித்துக்கொண்டது. கூடவே ஆஸ்துமா, மார்புச்சளி, மங்கலான பார்வை, அவ்வப்போது மனதைக் கவ்வும் இருட்டு. வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, தனியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆயுள் முழுவதும் அதை வெளியே தெரியாமல் காப்பாற்றினார். அவருடைய நாட்குறிப்புகளில் சில தேதிகளுக்குப் பக்கத்தில் சிறிய சிலுவைக் குறிகள் இருக்கின்றன. அந்தக் குறிகள்தான் அவர் நோயின் வரலாறு.

அந்த மனிதர் தன் 61ஆவது வயதில், 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அவருடைய நண்பர். பதினாலு மாதங்கள் இந்த தேசத்தை மேலும் கீழும் சுற்றினார். லக்னோ, காசி, கல்கத்தா, டார்ஜிலிங், டெல்லி, சிம்லா. பிறகு தெற்கே மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, நீலகிரி, மலபார், இலங்கை. போகிற இடமெல்லாம் எதையாவது பற்றிப் புகார். விடுதி சரியில்லை, வெயில் தாங்கவில்லை, முதுகு வலிக்கிறது. புகார் சொன்ன கையோடு பென்சிலை எடுத்து வரைந்தார். டார்ஜிலிங்கில் கண்ட கஞ்சன்ஜங்காவைப் பிறகு ஐரோப்பாவில் உட்கார்ந்து பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். நடுவில், பம்பாயின் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' பத்திரிகையில் 1874இல் 'கம்மர்பண்ட்' என்ற ஓர் அபத்தப் பாட்டையும் வெளியிட்டார். வெள்ளைக்கார வீடுகளில் புழங்கிய 'தோபி' போன்ற இந்துஸ்தானி வார்த்தைகளுக்கெல்லாம் அதில் அர்த்தம் தலைகீழ். சலவைக்காரர் உட்காரும் ஆசனமாகிவிடுகிறார்!

இரண்டு தீராத நோயாளிகள், இரண்டு மொழிகள், ஒரே மாதிரியான விளையாட்டு. நோய் வந்தால்தான் அபத்தம் எழுத வரும் என்று சித்தாந்தம் செய்ய வேண்டியதில்லை. நோய் வருவதற்கு முன்பே சுகுமார் அபத்தக் கழகம் நடத்தியவர். ஆனால் ஒன்று யோசிக்கத் தோன்றுகிறது. நோயாளியின் நாள் முழுவதும் அர்த்தம் நிறைந்தது. இருமினால் அர்த்தம், இருமாவிட்டால் அர்த்தம். வெப்பமானி ஒரு கோடு ஏறினால் வீட்டில் எல்லோர் முகமும் மாறுகிறது. அப்படி ஓயாமல் அர்த்தம் பார்க்கப்படும் ஓர் உடம்புக்கு, எந்த அர்த்தமும் இல்லாத ஒரு பாட்டு எவ்வளவு பெரிய விடுமுறை!

லியர் தன் நோயை ஏன் மறைத்தார் என்று கேட்பதற்கு முன் நம் சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் வந்தது. திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர்கள் திருமணத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று அது சொன்னது. அந்த வார்த்தையை நீக்க 1999 வரை ஆனது. சட்டத்திலிருந்து போய்விட்டது. ஜாதகப் பரிமாற்றத்தின்போது மாத்திரை டப்பாவை பீரோவில் ஒளித்து வைக்கும் வழக்கம் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. நாட்குறிப்பில் சிலுவை போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி பிரயாணம். நோய்க்கும் பயணத்துக்கும் இந்தியாவில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. வங்காளிகள் அதை 'ஹவா பதல்' என்பார்கள். காற்று மாற்றம். சுருக்கமாக 'சேஞ்ச்'. அஜீரணத்திலிருந்து காசநோய் வரை எதுவானாலும் டாக்டர் கடைசியில் சேஞ்சுக்குப் போகச் சொல்வார். குடும்பம் படுக்கை, பாத்திரம், சமையல்காரர் சகிதம் ரயிலேறி மதுபூர், கிரிதி, தேவ்கர், சிமுல்தலா என்று போய் மாதக்கணக்கில் தங்கும். அங்கே கறிகாய் விலையைக் கேட்டதும் பாபுக்கள் ஆச்சரியம் தாங்காமல் "டேம் சீப்" என்று கத்துவார்களாம். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு 'டாஞ்சி பாபு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நமக்கும் இது புதிதல்ல. குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் 'உடம்பு தேற' என்று சொல்லிப் போனவர்கள் எத்தனை பேர்.

காற்றில் குணமாக்கும் சக்தி இருந்ததோ இல்லையோ, அந்தப் பயணத்தில் ஒரு நன்மை இருந்தது. நோயாளி ஒரு புதிய ஊரில், புதிய ஜன்னலுக்கு முன் உட்கார்ந்தார். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் நோயாளி என்று தெரியாது. பேரம் பேசுகிற பாபு என்று மட்டும் தெரியும். மாதக்கணக்கில் நோயாளியாக மட்டுமே இருந்த ஒருவருக்கு அது சாமானிய சுகமல்ல.

இன்று நிலைமை என்ன? நம் ரயில்வே புற்றுநோய், காசநோய், சிறுநீரக நோய், இதய நோய் எனப் பல நோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை தருகிறது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் உள்பட ஏகப்பட்ட சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகளின் சலுகை தப்பியது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் சான்றிதழில் ஒரு நிபந்தனை உண்டு. பயணம் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் போகலாம். கடல் இருக்கும் ஊருக்குப் போக வேண்டுமானால் முழு டிக்கெட். சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நோயாளி என்பவர் ஆஸ்பத்திரிக்கு மட்டுமே போகும் பிரஜை என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம்.

ஆஸ்பத்திரி அல்லாத திசையில் அதிகம் போன நோயாளி ரவீந்திரநாத் தாகூர். வெள்ளைத் தாடி, நீண்ட அங்கி, ஞானியின் பார்வை என்ற சித்திரத்தில் நாம் மறந்துவிடுவது அவருடைய உடம்பை. 1912 மார்ச்சில் அவர் கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற வேண்டும். புறப்படும் நேரத்தில் மயங்கிச் சரிந்தார். பயணம் ரத்து. மூளைக்கு வேலை தரக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பத்மா நதிக்கரையில் இருக்கும் ஷிலைதஹா பண்ணை வீட்டுக்குப் போனார். புதிதாக எழுதத் தெம்பில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. பொழுது போக வேண்டும் என்று, தான் ஏற்கெனவே எழுதிய பாடல்களை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. மே மாதம் பம்பாயில் கப்பல் ஏறியபோது இன்னொரு நோட்டை ஆரம்பித்தார். லண்டன் பாதாள ரயிலில் அவருடைய மகன் அந்தக் கையெழுத்துப் பிரதி இருந்த பெட்டியை மறந்து வைத்துவிட்டு இறங்க, தொலைந்த பொருள்கள் அலுவலகத்திலிருந்து அது மீண்டு வந்தது. அந்த நோட்டுகளிலிருந்துதான் ஆங்கில கீதாஞ்சலி. 1913இல் நோபல் பரிசு. உடல் தேறும் நாட்களில் ஒரு மனிதர் பொழுதுபோக்காகச் செய்தது அது.

1924இல் மறுபடியும். பெரு நாட்டின் சுதந்திர விழாவுக்கு அழைப்பு. கப்பலிலேயே காய்ச்சல் கண்டது. நவம்பரில் ப்யூனஸ் அயர்ஸில் இறங்கியபோது டாக்டர்கள் ஆண்டீஸ் மலையைத் தாண்டக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். விக்டோரியா ஒகாம்போ என்ற அர்ஜென்டினப் பெண் எழுத்தாளர், சான் இசித்ரோ என்ற இடத்தில் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டில் அவரைத் தங்க வைத்தார். இரண்டு மாதம் அந்த வீட்டின் பால்கனியிலும் ஒரு சாய்வு நாற்காலியிலும் கழிந்தது. அங்கே அவர் கவிதைகள் எழுதினார். எழுதியதை அடித்தார். அடித்த இடங்கள் பக்கத்தில் அசிங்கமாகத் தெரிகின்றன என்று, அடித்தல்களைப் பேனாவால் ஒன்றோடொன்று இணைத்தார். இணைத்ததும் ஒரு அலகு வந்தது. ஒரு வால் வந்தது. எந்தப் பறவை சாஸ்திரத்திலும் இல்லாத பறவைகள், எந்தக் காட்டிலும் இல்லாத மிருகங்கள். அந்தப் பழக்கம் அவருக்கு முன்பே உண்டு. ஆனால் 'பூரபி' தொகுப்பின் கையெழுத்துப் பிரதியில் அது கட்டுமீறியது. ஒகாம்போ அதைக் கவனித்தார். இது வெறும் கிறுக்கல் இல்லை என்று அவருக்குப் பட்டது.

தாகூர் ஊர் திரும்பும்போது அந்த நாற்காலியையும் உடன் அனுப்பினார் ஒகாம்போ. அது கப்பல் அறையின் வாசலுக்குள் நுழையவில்லை. கதவைக் கழற்றச் செய்து உள்ளே வைத்தார். நாற்காலி சாந்திநிகேதன் வந்து சேர்ந்தது. கிறுக்கல்களும் வந்தன. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, முறையாக ஓவியம் கற்காத ஒருவர் கிறுக்கலை ஓவியமாக்கினார். 1930 மே மாதம் பாரிஸில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. ஏற்பாடு செய்தவர் அதே ஒகாம்போ. இறப்பதற்குள் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள்.

1937 செப்டம்பரில் தாகூருக்கு அக்கி வகையைச் சேர்ந்த ஒரு கடுமையான தோல் தொற்று. சாந்திநிகேதனில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். நினைவு திரும்பியதும் அவர் கேட்டவை வண்ணமும் தூரிகையும். கையில் கிடைத்த பலகை ஒன்றில் ஒரு நிலக்காட்சியைத் தீட்டினார். அந்த வருடக் கோடையில்தான் அல்மோராவில் தங்கி, அணுவையும் நட்சத்திரங்களையும் பற்றிச் சாதாரண வாசகர்களுக்காக 'விஸ்வ பரிசய்' என்ற அறிவியல் புத்தகத்தை முடித்திருந்தார். அதை இயற்பியல் மேதை சத்யேந்திரநாத் போஸுக்கு சமர்ப்பணம் செய்தார். 76 வயதில், உடல்நிலை தள்ளாடிய நேரத்தில், ஒரு கவிஞருக்கு அணுவைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்கலாம். கூடவே அவருக்கு ஹோமியோபதி, பயோகெமிக் பைத்தியமும் உண்டு. அக்கம்பக்கத்தவர்களுக்கு மருந்து தருவதில் அலாதிப் பிரியம். தானே நோயாளியாக இருந்துகொண்டு மற்றவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் அந்த விநோதம், வேளாவேளைக்கு நாடி பிடிக்கப்படும் எவருக்கும் புரியும்.

அதன் பிறகும் நாலு முறை டார்ஜிலிங் மலையிலுள்ள மோங்பூவுக்குப் போனார். மலேரியாவுக்கான கொய்னா மருந்து தயாரிக்கும் சின்கோனாத் தோட்டம் அது. அங்கே பணியாற்றிய விஞ்ஞானியின் மனைவி மைத்ரேயி தேவி, அந்த நாட்களின் பேச்சையும் சிரிப்பையும் குறித்துவைத்துப் பின்னர் புத்தகமாக்கினார். 1940 செப்டம்பரில் காலிம்போங்கில் தாகூர் மீண்டும் விழுந்தார். எழுதக் கை ஓடாத நிலையில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 'நோய்ப் படுக்கையில்', 'ஆரோக்கியம்' என்று பொருள்படும் இரண்டு தொகுப்புகள் அப்படிப் பிறந்தவை. 1941 ஜூலை 30, அறுவை சிகிச்சை நாள் காலையிலும் ஒரு கவிதை சொன்னார். அதைத் திருத்த அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 7இல் காலமானார்.

அதே 1941 ஜனவரியில், பிரான்சில் லியோன் நகரில் ஓவியர் ஹென்றி மத்தீஸுக்கு வயிற்றில் பெரிய அறுவை நடந்தது. பிழைத்தார். ஆனால் ஈஸலின் முன் நீண்ட நேரம் நிற்க முடியாத உடம்பு. கத்தரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த காகிதங்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் உட்கார்ந்து வெட்டினார். நீளமான கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, படுத்தபடியே சுவரிலும் கூரையிலும் வரைந்தார். அந்தக் கத்தரித்த காகிதங்கள் இன்று உலகத்தின் பெரிய மியூசியங்களில் தொங்குகின்றன. நம் பினோத் பிஹாரி முகர்ஜியும் கத்தரிக்கோலை எடுத்தவர்தான். பிறந்ததிலிருந்தே பலவீனமான கண்கள். 1957இல் கண் அறுவை தோற்றுப்போய்ப் பார்வை முழுவதும் போனது. வயது 53. காகிதத்தைத் தடவித் தடவி மடித்தார், வெட்டினார், மெழுகில் சிறு உருவங்கள் பிடித்தார். 1972இல் சாந்திநிகேதனின் கலாபவனத்துக்கு ஒரு பெரிய ஓட்டுச் சுவரோவியம் செய்தார். அதே வருடம் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர் அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய்.

இங்கே ஒரு நியாயமான முணுமுணுப்பு கேட்கிறது. தாகூருக்குப் பண்ணை வீடு இருந்தது. மத்தீஸுக்கு உதவியாளர்கள் இருந்தார்கள். லியருக்கு வைஸ்ராய் இருந்தார். அவருடைய மூட்டைகளையும் அவருடைய கோபத்தையும் சுமக்க ஜியார்ஜியோ என்ற வேலையாள் இருந்தார். இலங்கையில் அந்த ஜியார்ஜியோவே கடுமையான வயிற்றுப்போக்கில் விழுந்தபோது அவருக்கு எந்தப் பொழுதுபோக்கு கைகொடுத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மத்தியானம் என்பதே வசதியுள்ளவனின் பிரச்சினை அல்லவா? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு முடக்குவாதம் வந்தால், அவளுக்கு மத்தியானமும் பாத்திரம்தானே?

உண்மை. அதோடு, வசதி இருந்தாலும் பெண்ணாக இருந்தால் கதை வேறு. தோரு தத் கல்கத்தாவின் பணக்காரக் குடும்பத்துப் பெண். பிரான்சிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1873இல் ஊர் திரும்பியவர். அடுத்த வருடம் அக்காவைக் காசநோய் கொண்டுபோனது. பிறகு தோருவையும் பற்றியது. தோட்ட வீட்டில் அடைந்து கிடந்தபடி பிரெஞ்சுக் கவிதைகளை மொழிபெயர்த்தார். தந்தையோடு உட்கார்ந்து சமஸ்கிருதம் படித்தார். இங்கிலாந்துத் தோழிக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். குதிரைகள், பூனைகள், படித்த நாவல்கள், எப்போது மறுபடி இங்கிலாந்து வருவோம் என்ற திட்டம். அந்தப் பயணம் நடக்கவில்லை. 1877இல் 21 வயதில் இறந்தார். லியரும் தாகூரும் நோயோடு கப்பல் ஏற முடிந்தது. தோருவால் கடிதத்தில் மட்டுமே போக முடிந்தது.

வசதியற்றவர்களின் மத்தியானத்தைப் பற்றி யோசிக்க நம் சென்னையே ஒரு பாடம் தருகிறது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். மதனப்பள்ளி, தாம்பரம், வடக்கே பவாலி. மாதக்கணக்கில் படுக்கை, முட்டை, பால், சுத்தமான காற்று. இடமோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சம். 1956இல் சென்னையில் தொடங்கிய ஒரு மருத்துவ ஆராய்ச்சி, நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினரை அவர்களுடைய நெரிசலான ஏழை வீடுகளிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வந்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டிலும் மருந்து ஏறக்குறைய அதே அளவு வேலை செய்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதற்கு அந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம். கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அது விடுதலை.

ஆனால் அந்த நாளிலிருந்து நோயாளியின் பொழுது ஆஸ்பத்திரியின் பொறுப்பிலிருந்து வீட்டின் பொறுப்புக்கு வந்தது. வீட்டுக்கு அது தெரியவில்லை. மாத்திரை, சத்துணவு வரை நமக்குப் புரிகிறது. அரசுக்கும் புரிகிறது. காசநோயாளியின் சாப்பாட்டுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது ஆயிரமானது. நல்லது. மத்தியானத்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கம். ஆனால் அதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. கத்தரிக்கோலும் காகிதமும் என்ன விலை?

விலை வேறிடத்தில் இருக்கிறது. அதுதான் இந்த விஷயத்தின் முள். "படம் வரைய முடிகிறது, அரிசி களைய முடியாதா?" மூட்டுவலிக்காரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத மாமியார் உண்டா? மெடிக்கல் லீவில் இருப்பவர் கண்காட்சியில் தென்பட்டால் ஆபீஸில் என்ன பேச்சு கிளம்பும்? நோயாளி சிரித்தால் சந்தேகம். ஊர் சுற்றினால் நிச்சயம் நடிப்பு. ஆகவே நீண்ட நாள் நோயாளிகளுக்கு நோயோடு இன்னொரு உத்தியோகமும் சேர்ந்துகொள்கிறது. எந்நேரமும் நோயாளியாகத் தோற்றம் தருவது. பார்க்க வருகிறவர்கள் எதிரில் தலையணையில் சாய்வது. கையிலிருந்த எம்ப்ராய்டரியைப் போர்வைக்கடியில் தள்ளுவது. கீல்வாதம் போன்ற நோய்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முகத்தை மாற்றும். செவ்வாய்க்கிழமை எழுந்து நடந்தவர் புதன்கிழமை பட்டன் போட முடியாமல் தவிப்பார். இரண்டும் நிஜம். செவ்வாய்க்கிழமையைக் காட்டிப் புதன்கிழமையைப் பொய்யாக்கக் கூடாது.

சந்தேகத்துக்கு எதிர்முனையிலும் ஒரு தொந்தரவு உண்டு. பாராட்டு. நோயாளி நாலு கோலம் வரைந்தால் போதும், "நோயை வென்ற வீராங்கனை" என்று தலைப்புப் போடப் பத்திரிகைகள் தயார். வென்றாக வேண்டும் என்ற கட்டாயம் பாவம் அவருக்கு எதற்கு? டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடக்கிறார். வருடத்துக்கு அறுநூறு மணிக்கு மேல். அந்த நேரத்தில் அவர் தபால் தலைகளை அடுக்கலாம். குறுக்கெழுத்துப் போடலாம். பழைய ரயில்வே கால அட்டவணையை வைத்துக்கொண்டு கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவுக்கு எத்தனை வண்டி மாறலாம் என்று கணக்குப் போடலாம். அது சாதனை ஆக வேண்டியதில்லை. யாருக்கும் உபயோகப்பட வேண்டியதில்லை. மருந்து உடம்புக்காக, பத்தியம் டாக்டருக்காக, சிரித்த முகம் வீட்டுக்காக என்று நாள் பங்கு போடப்பட்ட பிறகு, இது ஒன்றாவது தனக்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

சத்யஜித் ராய் 1983இல் 'கரே பாய்ரே' படப்பிடிப்பின் நடுவே மாரடைப்பால் விழுந்தார். அடுத்த சில வருடங்கள் கதைப்படம் எடுக்க டாக்டர்கள் அனுமதிக்கவில்லை. 1987இல் மெதுவாகத் திரும்பி வந்தபோது அவர் எடுத்தது தன் தந்தை சுகுமாரைப் பற்றிய சிறிய ஆவணப்படம். தந்தை இறந்தபோது அவருக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. நோயாளித் தந்தையைக் காற்று மாற்றத்துக்காக கங்கைக் கரையிலுள்ள சோதேபூருக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ராய் தன் பால்ய நினைவுகளில் அந்த வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். மருந்து வாசனையோ அழுகையோ அவருக்கு ஞாபகம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பா படம் வரைந்துகொண்டிருக்கிறார். திடீரென்று, கப்பல் போகிறது என்கிறார். குழந்தை வெளியே ஓடிப்போய்ப் பார்க்கிறது. ஸ்டீமர் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு ஆற்றில் போகிறது.